நடுகல் ஆனவன் எழுதிய ஓலை

தோற்ற ராஜாவுக்குக் கோபம் அதிகம். எதிரியிடம் காட்ட முடியாததைச் சொந்த ஊர்களிடம் காட்டுவான். களத்திலிருந்து ஓடிவந்தவன் எவனானாலும் தலை போகும் என்று அப்படித் தோற்ற ஒரு ராஜாவும் பறையறைவித்தான். ஊருக்கு நாலு காவலர்களையும் நிறுத்தினான்.

ஏறன் என்பவரின் ஊரில் அவர்களுக்கு வேலையே இல்லை. அங்கிருந்து போருக்குப் போனவன் ஏறனின் ஒரே மகன் பொற்சேந்தன் மட்டும்தான். அவன் களத்தில் விழுந்தான் என்று செய்தி வந்து, ஊரார் நடுகல் நாட்டிப் படையலும் போட்டுவிட்டார்கள். தாயில்லாப் பிள்ளையாய் அவனை வளர்த்த ஏறனுக்கு அந்தக் கல்தான் மிச்சம்.

நாற்பதாம் நாள், ஆற்றுக்கு அப்பாலிருந்து நம்பன் என்ற இடையன் ஓர் ஓலை கொண்டுவந்தான்.

"அப்பா, நான் சாகவில்லை. தலைவர் விழுந்ததும் படை சிதறிவிட்டது. முதலில் ஓடியவன் நானில்லை, ஆனாலும் ஓடினேன். கால் காயம் ஆறிவிட்டது. நம்பன் வீட்டுக் கஞ்சியில் பிழைத்துக் கிடக்கிறேன். வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாமென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். சேந்தன்."

ஏறன் இரண்டு முறை படித்தார். பிறகு ஓலையை அடுப்பில் போட்டார். நம்பன் வேற்று நாட்டான். ராஜ கட்டளை அவனுக்குத் தெரியாது. ஏறனும் சொல்லவில்லை.

"என் மகன் கல்லா நிக்கிறான். வேற மகன் எனக்கு இல்லேன்னு சொல்லு" என்றார்.

பெற்றவன் பேசும் பேச்சா இது என்று நம்பனுக்கு மனம் பொறுக்கவில்லை. வழிநெடுக யோசித்து, போனதும் ஒரு பொய் சொன்னான்.

"உங்கப்பா போய்ச் சேந்துட்டாரு தம்பி. உன் ஓலையைப் பாக்கக் குடுத்து வைக்கல."

கொள்ளி வைக்கத்தான் முடியவில்லை, கருமாதிக்காவது ஒரே பிள்ளை போக வேண்டாமா? நம்பன் ஆடு மேய்த்துத் திரும்புவதற்குள் சேந்தன் ஆற்றைக் கடந்துவிட்டான்.

தாடியும் முக்காடுமாக ஊருக்குள் வந்தவனைக் காவலர்கள் பரதேசி என்று விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் ஏறன் உயிரோடு உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினான் சேந்தன். காவலர்கள் திரும்பினார்கள்.

"யாருப்பா நீ? எனக்கு மகன் இல்லையே" என்றார் ஏறன். ஆனால் அவன் முகத்தைப் பிடித்த கைகளை அவரால் எடுக்க முடியவில்லை. காவலர்களுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள் தலை போயிற்று.

இப்போது சொல்லுங்கள், சேந்தனின் சாவுக்கு யார் பொறுப்பு? காரணத்தை மறைத்த தகப்பனா, சொல்லை மாற்றிய இடையனா, வாய்விட்டுக் கூப்பிட்ட சேந்தனேதானா?

விடை: செத்த தகப்பனை உயிரோடு பார்த்த பிள்ளை வேறெப்படிக் கூப்பிடுவான்? இடையனின் பொய் இரக்கத்தில் வந்தது. ஆபத்து இருப்பதே அவனுக்குத் தெரியாது. பழி ஏறனுக்குத்தான். 'வந்தால் தலை போகும், அங்கேயே இரு' என்றால் போதுமே. அதைச் சொன்னால், ஓடிவந்தவன் என் மகன் என்று ஓர் அந்நியனிடம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு வாய் வரவில்லை. வெட்டியது ராஜாவின் வாளல்லவா என்பீர்கள். வாள் வெட்டத்தான் செய்யும். மகனைக் காப்பாற்றும் வார்த்தை ஏறன் ஒருவரிடம்தான் இருந்தது.