தொடையூரில் கதவு மாட்டிய கதை

திருநெல்வேலியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வீரபாகுவின் வலது தொடைக்குள் ஓர் ஊர் இருந்தது. பேர் தொடையூர். எள்ளில் பாதிகூடத் தேறாத ஊர்தான், ஆனால் மடத்தனத்துக்கு அங்கே பஞ்சமே வந்ததில்லை.

கதவு இருந்தால்தானே திருடன் வருவான் என்று, கோட்டைச் சுவரின் கதவுகளையெல்லாம் கழற்றி ஊர் நடுவில் அடுக்கியிருந்தார்கள். வீரபாகு சாப்பிட்டதும் ரத்த ஆற்றில் சீனி மிதந்து வரும். கூடவே இன்சுலின் என்கிற மணிக்காரர் வந்து வெளியே நின்று மணி அடிப்பார். மணி ஆரம்பித்ததும் கதவை மாட்ட வேண்டும், நின்றதும் கழற்ற வேண்டும். இது ஊர்ச் சட்டம். மாட்டினால்தான் சுவரில் வழி திறக்கும், சீனி உள்ளே வரும், அடுப்பு எரியும். அந்த வேலை கொம்பையாவுடையது.

வீரபாகுவோ கடையை விட்டு அசையாமல் நாள் முழுக்க மிக்சரும் முறுக்கும் மென்றுகொண்டிருந்தார். அதனால் மணியும் ஓயவில்லை. வந்து குவிந்த கொழுப்பு மூட்டைகளை வைக்க இடமில்லாமல் கதவுகள் மேலேயே ஏற்றிவிட்டார்கள்.

"அடுப்பு அணைஞ்சு போச்சு. பிள்ளை பசியில துவண்டு கெடக்கான். கதவைத் தூக்குமேன்!" என்று அழுதாள் கொம்பையாவின் மனைவி மாடத்தி. அவன் உடனே ஊர்த்தலைவர் பூதத்தானிடம் ஓடினான்.

"அய்யா, மணி அடிக்கு. கதவைத் தூக்கட்டா?"

"எப்ப ஆரம்பிச்சுது?"

"அது நிக்கவே இல்லையே அய்யா."

"நிக்காத மணி எப்படிவே ஆரம்பிக்கும்? ஆரம்பிச்சாத்தான் தூக்கணும்."

கொம்பையா யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது.

வெளியே மணிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "பாவிகளா, இங்க சீனி கழுத்தளவு நிக்கு! கதவை மாட்டுங்க!"

பூதத்தான் சுவரோரம் போய் மரியாதையாகச் சொன்னார்: "கொஞ்சம் மணியை நிறுத்துங்க அண்ணாச்சி. நீங்க சொல்லுறது ஒண்ணும் கேக்கல."

இதற்குள் டாக்டர் வீரபாகுவை மிரட்டி நடக்க வைத்துவிட்டார். வீரபாகு எட்டு வைத்ததும் தொடையூர் கிடுகிடுவென ஆடியது. மூட்டைகள் உருண்டன. கதவுகள் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் தாமாகவே மாட்டிக்கொண்டன. சீனி கொட்டோ கொட்டென்று கொட்டியது! மாடத்தி அடுப்பை மூட்டினாள். பிள்ளை வயிறு நிறைந்து சிரித்ததைப் பார்த்துக் கொம்பையா சந்தோஷத்தில் அழுதேவிட்டான். மணி ஓய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, கதவைக் கழற்ற மறந்தேபோனான்.

பூதத்தான் ஊரைக் கூட்டினார். "நாம ஆடினோம், சீனி வந்துது. இனிமே தினமும் எல்லாரும் குதிக்கணும்."

மறுநாள் விடிந்ததும் ஊரே குதித்தது. வீரபாகு வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார். "ஏ, கால் தன்னால போகுதுடி!" என்று மனைவியிடம் பெருமை வேறு.

பாதி வழியில் தொடையூரில் எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. "போதும், உக்காருங்கவே" என்றான் கொம்பையா. உட்கார்ந்தார்கள். கால் நின்றது. நின்ற இடம் அல்வாக் கடை வாசல். வீரபாகு எவ்வளவோ முக்கிப் பார்த்தார், கால் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அரைக்கிலோ வாங்கித் தின்றார்.

மணி அடித்தது. "ஆரம்பிச்சுட்டு! ஆரம்பிச்சுட்டு!" என்று துள்ளிக்கொண்டு ஓடினான் கொம்பையா. பார்த்தால், கதவெல்லாம் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. மாட்டியிருப்பதை எப்படி மாட்டுவது? ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊர் நடுவில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, மாட்டுவதற்காக முதல் கதவைத் தூக்கினான்.

"நில்லும்வே," என்றார் பூதத்தான். "மணி எப்ப ஆரம்பிச்சுது?"

"அப்பவே ஆரம்பிச்சுட்டே அய்யா."

"அப்போ கீழ வையும். இனி ஆரம்பிக்கட்டும், பாத்துக்கிடலாம்."