நாற்பது கழித்தல் கணக்குகள்

அந்தப் பள்ளியில் குருவை விடச் சீடருக்குப் பதினேழு வயது அதிகம்.

சீடர் பெயர் தங்கப்பழம். இருபத்தோரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். அவரிடம் படித்த யாரும் கணக்கில் தோற்றதில்லை. அதை அவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். பிள்ளைகள் குறைந்துபோனதால் அங்கே அவர் உபரியானார். ஆறு மாத மாற்றுப்பணியில் இந்தத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

குரு உலகம்மாள் டீச்சர். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசலில் இருக்கும் அந்த ஊருக்கு அவர்தான் தலைமையாசிரியர், அவர்தான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பல நாள் மணி அடிப்பதும் அவர்தான்.

வந்த அன்றே சார் சொல்லிவிட்டார். பதினைந்து வயதுப் பிள்ளைகளைத்தான் தனக்குத் தெரியும், எட்டு வயதைத் தெரியாது, டீச்சர் சொல்லித் தந்தால் கேட்டுக்கொள்வதாக. டீச்சர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

ஒரே பெரிய அறை. தரையில் மூன்று பாய்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவர்கள் அரும்புப் பாயில். கொஞ்சம் தேறியவர்கள் மொட்டில். தாமே போட்டுப் பார்க்கிறவர்கள் மலரில். வெள்ளிக்கிழமை சத்துணவு முடிந்ததும் பாய் மாற்றம் நடக்கும். மேலே போகிற பிள்ளை தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள். கீழே போகிற பிள்ளையும் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கு யாரும் எதுவும் செய்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சார் ஒரு நோட்டோடு டீச்சர் மேஜைக்கு வந்தார்.

"தப்பாவே போடுற பிள்ளையை என்ன செய்ய டீச்சர்?"

நோட்டு மலர்ப் பாயில் இருக்கும் மூன்றாம் வகுப்பு இசக்கியம்மாளுடையது. நாற்பது கழித்தல் கணக்குகள். நாற்பதிலும் சிவப்புப் பேனா பெருக்கல் குறி போட்டிருந்தது. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓரத்தில் கோடு போட்டு, எண்களை நேர்நேராக எழுதி, ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் இரண்டு கோடு இழுத்திருந்தாள் இசக்கி.

"ஒண்ணைக்கூடப் போடாம விடலை," என்றார் டீச்சர்.

போட்டு என்ன பிரயோசனம் என்றார் சார். வெள்ளிக்கிழமை அவளை அரும்புக்கு மாற்றிவிடலாம், முதலில் இருந்து தொடங்கட்டும் என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். பத்தாம் வகுப்புக் குரல் அது. மூன்று பாய்க்கும் கேட்டது.

அரும்புப் பாயில் இசக்கியின் தங்கை செல்லக்கனி இருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அன்று சாயங்காலமே டீச்சரிடம் வந்து நின்றாள்.

"எங்க அக்கா அரும்புல உக்கார மாட்டாளாம் டீச்சர். உக்காரச் சொன்னா இனிமே பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டாளாம்."

"உங்ககிட்ட உக்காந்தா என்னவாம்?"

"நான் அவளைப் பாத்துச் சிரிப்பேனாம்."

"சிரிப்பியா?"

செல்லக்கனி கொஞ்ச நேரம் யோசித்தாள். "சிரிப்பு வந்துரும் டீச்சர்," என்றாள்.

டீச்சர் அந்த நோட்டைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதுவரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பாருங்கள் என்றார். கணக்கு நோட்டில் படிக்க என்ன இருக்கிறது என்று சார் கேட்டார். டீச்சர் அதற்குள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார்.

புதன்கிழமை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் டீச்சர் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார். 64இல் 38 போக.

"இதுக்கு இசக்கி என்ன விடை போடுவா சார்?"

"இருபத்தாறு."

"அது நீங்க போடுறது."

சார் சங்கடப்பட்டார். சரியான விடை ஒன்றுதான், தப்பான விடைக்குக் கணக்கே இல்லை, அதை யார் சொல்ல முடியும் என்றார். டீச்சர் இசக்கியைக் கூப்பிட்டார். அவள் வந்து 34 என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போனாள்.

அடுத்தது 81இல் 25. சார் 66 என்று சொல்லிப் பார்த்தார். இசக்கி 64 எழுதினாள்.

சார் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டீச்சர் மூன்றாவது கணக்கை எழுதினார். 90இல் 43. சார் பேனாவைத் திறந்து உள்ளங்கையில் எதையோ எழுதி மூடிக்கொண்டார். இசக்கி வந்தாள். 53 என்று எழுதினாள்.

சார் கையை விரித்துக் காட்டினார். 53.

அந்த அறையில் அவர் சிரித்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு இலக்கத்துல எது பெருசோ அதுல இருந்து சிறுசைக் கழிச்சிட்டுப் போறா டீச்சர். மேல இருக்கா, கீழ இருக்கான்னு பாக்குறதே இல்லை. நாற்பது கணக்கும் அதே மாதிரி."

"அப்ப வாய்க்கு வந்ததைப் போடலை."

"வாய்க்கு வந்ததா? ஒரு இடத்துல பிசகலை. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைக கூட இத்தனை ஒழுங்கா ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதில்லை." தானே அந்த விதியைக் கண்டுபிடித்ததுபோல் அவர் முகம் நிமிர்ந்திருந்தது. பிறகு கேட்டார்: "இதை இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

முட்டை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி டீச்சர் சமையலறைப் பக்கம் போனார்.

வியாழக்கிழமையும் சார் அதையே கேட்டார். ராத்திரி யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். டியூஷன் என்றால் இந்த ஊரில் கிடையாது. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், அவளுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. போன வருட வகுப்பில் யாராவது சொல்லிக் கெடுத்திருக்க வேண்டும் என்றார். போன வருடம் அந்த வகுப்பு டீச்சருடையது. டீச்சர் இசக்கியைக் கூப்பிட்டு அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

"இன்னைக்கு நீதான் டீச்சர். எங்களுக்குக் கழித்தல் சொல்லிக் குடு."

டீச்சர் மலர்ப் பாயில் போய் உட்கார்ந்தார். சாரும் உட்கார வேண்டியதாயிற்று. முழங்கால் மடங்கவில்லை. ஒரு பையன் நகர்ந்து கால் நீட்ட இடம் கொடுத்தான்.

இசக்கி பலகையைத் துடைத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாக்பீஸால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள். தொண்டையைச் செருமினாள்.

"கவனி. எப்பவும் பெருசுல இருந்துதான் சிறுசைக் கழிக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லணும்."

முதலில் மொட்டுப் பாய் சிரித்தது. பிறகு எல்லாப் பாயும். "சாரே வந்த மாதிரி இருக்கு," என்று செல்லக்கனி பாயில் புரண்டாள். இசக்கி சிரிக்கவில்லை. சிரிக்கிற பிள்ளைகளைக் கண்ணாடி இல்லாத கண்ணால், கண்ணாடிக்கு மேலே பார்ப்பதுபோல் பார்த்தாள். அதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள்.

சார் இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அது அவருடைய வாக்கியம். கூட்டல் குறி எண்ணும் கழித்தல் குறி எண்ணும் சேர்ந்து வரும் பாடத்தை ஒவ்வொரு வருடமும் அந்த வாக்கியத்தோடுதான் தொடங்குவார். அந்தப் பாடத்துக்கு அது சரி. இங்கே வந்து முதல் கழித்தல் வகுப்பிலும் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டிருக்கிறார். சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

இடைவேளையில் அவர் குரல் இறங்கியிருந்தது.

"மத்த பிள்ளைகளும்தான கேட்டாங்க. அவங்க சரியாப் போடுதாங்களே."

டீச்சர் நடந்ததைச் சொன்னார். சார் வருவதற்கு முன்னால் ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டைப் பிரித்துப் பிரித்து, இரண்டு வாரம் கழித்தல் நடந்தது. அந்த இரண்டு வாரமும் இசக்கிக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவள் பள்ளிக்கூடம் வந்த அன்றுதான் சாரின் முதல் கழித்தல் வகுப்பு.

"மத்தவங்களுக்கு வழி தெரியும். அதனால நீங்க சொன்னது காதுல ஏறலை. இவளுக்கு உங்க சொல்லு மட்டும்தான் இருந்துச்சு. நான் ஏழு வருஷமா சொல்லிக் குடுக்கேன் சார். நான் சொன்னதை நாற்பது தடவை மாறாம ஒரு பிள்ளையும் செஞ்சதில்லை."

சார் நோட்டைத் திறந்தார். அந்த நாற்பது பெருக்கல் குறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு இப்போதே சரியான வழியைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே ஈர்க்குக் கட்டுகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை. சார் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே இசக்கி. அவள் பை தோளிலேயே மாட்டியிருந்தது. இறக்கி வைக்கச் சொன்னதற்கும் இறக்கவில்லை.

நடுவில் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும். இதில் எனக்கு இருபத்தேழு குச்சி கொடு என்றார் சார்.

இசக்கி இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தாள். உதிரிகளைப் பார்த்தாள். இரண்டுதான் இருந்தன. ஏழு வேண்டும்.

"இல்லையே சார்."

சார் வாயைத் திறந்தார். மேஜையில் டீச்சர் வருகைப் பதிவேட்டில் குனிந்திருந்தார். சார் வாயை மூடிக்கொண்டார். மூடியிருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இசக்கி குச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மலர்ப் பாய்ப் பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டார்கள். சொல்லித் தரட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்று சார் கை காட்டினார்.

"கட்டைப் பிரிச்சுக்கிடலாமா சார்?"

"பிரிச்சா என்ன ஆகும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பத்துக் குச்சிகளும் சிதறின. ஏழை எண்ணி அவர் கையில் கொடுத்தாள். மிச்சத்தை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு தன் நோட்டைத் திறந்து அதே கணக்கைத் தேடி விரல் வைத்தாள்.

"இங்க இருபத்தஞ்சு இருக்கு. நீங்க சொன்னபடி போட்டா முப்பத்தஞ்சுல்ல சார் வருது?"

டீச்சர் நிமிரவில்லை.

"நான் சொன்னது தப்பு இசக்கி," என்றார் சார்.

இருபத்தோரு வருடத்தில் ஒரு வகுப்பில் அவர் சொல்லியிராத வாக்கியம் அது. அதனால் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"சாருக்குமா தப்பு வரும்?" என்றாள் செல்லக்கனி.

இசக்கி தங்கையை முறைத்தாள். பிறகு சாரின் பக்கம் திரும்பினாள். அரும்புப் பாயில் யாராவது தடுமாறினால் டீச்சர் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னாள்.

"பரவாயில்லை சார். மறுபடி போட்டுப் பாருங்க."

சார் சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் சொன்ன இடத்தில், அந்தக் கணக்கை மறுபடி போட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரி என்றாள். பையை இறக்கி வைத்தாள்.

மத்தியானம் பாய் மாற்றம் நடந்தது. மொட்டிலிருந்து இரண்டு பேர் மலருக்கு வந்தார்கள். மலர்ப் பாயிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. புதிதாக வந்த இருவருக்கும் இசக்கிதான் நகர்ந்து இடம் கொடுத்தாள். கை தட்டும்போது அவள் கைதான் கடைசியில் ஓய்ந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் நோட்டில் கையெழுத்து வாங்க டீச்சர் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆளாகச் சார் நின்றார். கையில் இசக்கியின் நோட்டு.

"இருபது கணக்கு புதுசாக் குடுத்தேன் டீச்சர். பதினேழு சரி. தப்புன மூணும் அவசரத்துல தப்புனது. எந்த இடத்துலன்னு நானே சொல்லிருவேன்."

டீச்சர் நோட்டை வாங்கி, பிள்ளைகளுக்குப் போடுவதுபோலவே அடியில் கையெழுத்துப் போட்டார். சார் அதை வாங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எத்தனை பேருக்கு நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பதினேழு தந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முகத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும்.

பிள்ளைகள் போன பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை நோட்டைப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்."

"தெரியும் சார்."

"அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்க சொன்னா நான் கேட்டிருப்பேன்."

"அதான் சார் சொல்லலை," என்றார் டீச்சர். "இசக்கியும் சொன்னா கேக்கிற பிள்ளைதான்."