டிஸ்கோவுல ஓடக்கூடாது

குரு டெய்சிக்கு இருபத்தாறு வயசு. சிஷ்யர் கோதண்டத்துக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீங்க, நெஜமாத்தான்!

கோதண்டம் கல்யாண ஆர்கெஸ்ட்ராவுல பேஸ் கிட்டார் வாசிச்சவரு. டெய்சி, பழைய டிஸ்கோ தாளத்துல புதுசா பாட்டு கட்டுறவ. ஒரே ஒரு தடவை கேட்டாரு மனுஷன். மறுநாளே ஆர்கெஸ்ட்ராவை விட்டுட்டு அவகிட்ட கத்துக்க வந்துட்டாரு. "இனிமே இந்தப் பக்கம் வந்துடாதே"ன்னு ஓனர் சொல்லிட்டாரு.

அவங்க சேர்ந்து வாசிக்கிற மொத கச்சேரி, பெரம்பூர்ல ஒரு மண்டபத்துல.

மொத பாட்டுக்கு ஒருத்தரும் எந்திரிக்கல. எல்லாரும் போனை நோண்டிட்டு இருந்தாங்க. கோதண்டத்துக்கு வேர்த்துடுச்சு. ஆர்கெஸ்ட்ராவுல கைதட்டல் கொறஞ்சா வேகத்தை ஏத்துவாங்க. அந்தப் பழக்கதோஷம், ஏத்திட்டாரு. ட்ரம்ஸும் பின்னாடியே ஓடுச்சு. பாட்டு மூச்சு வாங்கி முடிஞ்சுது.

கச்சேரிக்கு ஏற்பாடு பண்ண பரந்தாமன் மேடையேறி வந்தாரு.

"டிஸ்கோ செத்து நாப்பது வருஷமாச்சும்மா. இன்னும் ஒரே ஒரு பாட்டு. அதுக்கும் இப்படியே இருந்தா மூட்டை கட்டுங்க. டிஜே ரெடியா இருக்காரு."

அவரு எறங்கினதும் கோதண்டம் மெதுவா கேட்டாரு.

"மாஸ்டர், செத்ததைப் போயி எதுக்கு எழுப்பணும்?"

டெய்சி செருப்பைக் கழட்டினா. தன் காலைத் தூக்கி அவரு கால் மேல வெச்சா.

"ஐயோ, என்ன மாஸ்டர் இது!"

"வயசுல பெரியவரு, மன்னிச்சுக்கங்கண்ணே. வாசிங்க."

வாசிச்சாரு. அவ கால் தாளத்துக்குத் தாளம் அழுத்துச்சு. திம். திம். திம். திம். அவரு வேகமெடுத்து ஓடப் பாத்தாரு. கால் விடல.

"யாரும் எந்திரிக்கலையே மாஸ்டர்."

"பரவால்ல."

"கொஞ்சம் வேகம் ஏத்தினா எந்திரிப்பாங்க."

"எதுக்கு, பஸ்ஸைப் பிடிக்கவா?"

அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. தோள் எறங்குச்சு. திம். திம். திம். அவ எப்பக் காலை எடுத்தான்னு அவருக்குத் தெரியல. ஆனா அவரு ஓடல.

கடைசி வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சாங்க. இடுப்புல சேலையைச் சொருகினாங்க. பக்கத்துல மூணு பொண்ணுங்களும் எந்திரிச்சாங்க. செம ஆட்டம்!

பரந்தாமன் மேடைக்குக் கீழே வந்து நின்னு கத்தினாரு. "நாலே நாலு பேரும்மா! டிஸ்கோ செத்துப்போச்சு, ஒத்துக்கோ! எறங்கு!"

கோதண்டம் குருவைப் பாத்தாரு. கை மட்டும் நிக்கல.

டெய்சி மைக்கை இழுத்தா.

"செத்துப்போச்சுன்னே வெச்சுக்கங்க சார். நான் வியாசர்பாடி. எங்க தெருவுல சாவுக்குத்தான் சார் நல்லா ஆடுவோம்!"