பத்தொன்பது விநாடி

ஹில்டா கார்வுட் இறந்து ஒரு வருடம். வீடியோவையும் கலை என்று பிரிட்டனில் முதலில் சொன்ன சிலரில் ஒருவர். அப்போது சிரித்தவர்கள்தான் இப்போது மாலை போடுகிறார்கள்.

அவர் பேர் சொல்லும் படைப்பு இது. ஓர் இயந்திரம் உங்களைப் படம்பிடிக்கும். அதிலிருந்து நாடா அறையின் குறுக்கே நேராக ஓடி அடுத்த இயந்திரத்துக்குப் போகும். திரையில் நீங்கள் தெரிவீர்கள், பத்தொன்பது விநாடி பிந்தி.

அந்தப் பத்தொன்பதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவர் மதிவதனி. ஹில்டாவின் கடைசி மாணவி, வயது ஐம்பது. எதையும் மாற்றமாட்டேன் என்று அவரின் மரணப் படுக்கையில் வாக்குக் கொடுத்திருந்தார்.

நாலு மணிக்குக் கண்காட்சி. பத்தொன்பது விநாடிக்கு நாடா பன்னிரண்டு அடி ஓட வேண்டும். கிடைத்த அறையில் ஒன்பதுக்கு மேல் ஓடாது. சுவரை இடியுங்கள் என்றார் மதிவதனி. முடியாவிட்டால் சாமான்கள் நிலவறைக்குத் திரும்பும் என்றார்கள் கண்காட்சிக் கூடத்துக்காரர்கள். அங்கே போனது எதுவும் மேலே வந்ததில்லை.

வேறு வழியின்றி மதிவதனி சபாநாதன் மாஸ்டரை அழைத்தார். முப்பது வருடம் ஹில்டாவின் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். மதிவதனிக்கு நாடா கோக்கப் பழக்கியவரும் அவர்தான்.

மாஸ்டர் கோட்டைக் கழற்றினார். ஒன்பது அடியில் இயந்திரங்களை வைத்து நாடாவை ஓடவிட்டார்.

மதிவதனி பொங்கிவிட்டார். விரலை நீட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார்.

"உங்களுக்கு இது மெஷின், மாஸ்டர். எனக்கு அவ தந்த பொறுப்பு. ஒரு விநாடி குறைஞ்சாலும் இது அவவின்ர இல்லை."

மதிவதனி மூச்சுவாங்க நின்றபோது, திரையில் ஒரு பெண் விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கவே வெட்கமாக இருந்தது. முதன்முதல் ஹில்டாவின் வீட்டில் இதன் முன்னால் நின்றபோது வந்த அதே வெட்கம்.

கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், அவ ஏன் பத்தொன்பது எண்டு வைச்சவ?"

"அந்த வீட்டில ரெண்டே ரெண்டு பிளக் பொயின்ட். ஒண்டு அடுப்படியில, மற்றது பன்னிரண்டு அடி தள்ளி யன்னலடியில. நீள வயர் இருக்கேல்லை."

முந்நூறு பக்கத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. மணி மூன்று ஐம்பது.

"அப்ப நான் எதைத்தான் காப்பாத்துறது?"

மாஸ்டர் இரண்டு வயர்களையும் பிடுங்கினார். திரை இருண்டது. வயர்களைச் சுருட்டி மதிவதனியின் கையில் வைத்தார்.

"ஒன்பது அடி நான் பார்த்த இடம். இந்த அறையில உங்கட பிளக் பொயின்ட் எங்க கிடக்கெண்டு பாருங்கோ, பிள்ளை."