சமையலறைக்கு மேல் அறை

"மாதாஜி, என் மாமியாருக்கு என்மேல் நம்பிக்கையே கிடையாது," என்றாள் திலகவதி.

"எதில்?"

"மாடியில் தனி அறை கட்டிக் கொடுத்திருக்கேன். கட்டில், ஃபேன், பாத்ரூம் எல்லாம் உண்டு. அவங்க என்னடான்னா பகல் முழுக்கக் கூடத்து சோபாவிலேயே கிடக்கிறாங்க. சமையலறைக்கு மேலே அறையாம். தீப்பிடிச்சா இடிஞ்சு விழுமாம்."

"விழாதுன்னு சொன்னீங்களா?"

"சத்தியமே பண்ணிட்டேன்."

சொல்லும்போது அவளுக்குக் காது சுட்டது. மாதாஜி பார்த்தார். அவருக்குத் திலகவதியைவிட வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன்," என்றார்.

இந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

பழைய வீட்டில் இரும்பு உத்தரங்கள் போட்டு எழுப்பிய மாடி அது. இரும்பு எரியாது, சரி. நெருப்புச் சூட்டில் இளகி வளையுமே, அப்புறம் மாடி எங்கே நிற்கும்? அதனால் எல்லா உத்தரத்தையும் தீ தாங்கும் போர்டால் மூடச் சொன்னார் இன்ஜினியர்.

போர்டும் வந்து இறங்கியது.

கூடத்துக்கு மேல் உள்ள அறை மாதாஜிக்கென்று ஒதுக்கியது. அதைத் தாங்கும் உத்தரத்துக்கு ஒரு சுற்றுப் போர்டு போதும். குரு படுக்கிற இடமாயிற்றே, இரண்டு சுற்றாக அடிக்கச் சொன்னாள் திலகவதி. சமையலறைக்கு வருவதற்குள் போர்டு தீர்ந்துவிட்டது. மறுபடி ஆள் அனுப்ப யாருக்குப் பொறுமை? வெறும் இரும்பின் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தாயிற்று. பக்தி என்று பெயர்.

வெள்ளிக்கிழமை மாதாஜி வந்தார். மாமியார் சோபாவிலிருந்து எழுந்து கும்பிட்டார்.

"என்னைப் பத்தி இவ கோள் சொல்லியிருப்பாளே?"

"சொன்னாங்க."

"பொய் சொல்ல வராத சாமியாரா? பொழைச்ச மாதிரிதான்."

சாப்பாடு முடிந்தது. சாயங்காலம் பஜனைக்கு வருகிறவர்களுக்காகச் சமையலறையில் பெரிய வாணலியில் எண்ணெய் வைத்து வடை போட ஆரம்பித்தார்கள்.

"மாதாஜி, கொஞ்சம் தலை சாய்ங்க. உங்க அறை தயாரா இருக்கு," என்று மாடிக்கு அழைத்துப் போனாள் திலகவதி. வேடிக்கை பார்க்க மாமியாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

அறையில் புது மெத்தை, பட்டு விரிப்பு, சந்தன ஊதுவத்தி.

மாதாஜி மாமியாரின் தோளைத் தொட்டார்.

"நீங்க இதிலே படுங்க. நான் உங்க அறையிலே படுத்துக்கிறேன்."

"எனக்கா, பட்டா? இவ என்னைத் துவைச்சுக் காயப்போட்டுடுவா."

மாதாஜி அதற்குள் நடந்துவிட்டார். சமையலறைக்கு மேலே உள்ள அறையின் கதவைத் திறந்தார். ஜன்னல் வழியே எண்ணெய்ப் புகை வந்துகொண்டிருந்தது.

திலகவதி ஓடிப்போய் வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"ஐயோ, நீங்க இங்கே படுக்கக் கூடாது மாதாஜி."

மாதாஜி நின்றார்.

மாமியார்தான் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"ஏன், திலகா?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று திலகவதிக்குத் தெரியவில்லை.