அறுபத்து மூன்று சதவீதம்

அறுபத்து மூன்று சதவீதத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்து, தானே எழுந்துகொண்டது. காலையிலிருந்து ஒன்பதாவது தடவை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் கற்றுக்கொள்ள வந்த வேலை இதுதான். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

கடை நஸீமா அக்காவுடையது. என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள். கம்ப்யூட்டர், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கலியபெருமாளுடையது. ஆயுத பூஜையிலிருந்து சும்மா சும்மா அணைந்து எழுகிறது, விண்டோஸை மாற்றிப் போடு என்று வைத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் நாலு தடவை போன்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னென்ன மாற்றினாய் என்று கேட்டாள். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன், பென் டிரைவை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், கடுப்பில் இந்தத் தடவை ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை மொத்தமாக அழித்துவிட்டேன் என்றேன்.

"மொத்தமான்னா? டி டிரைவுமா?"

"ஆமா."

"அதுல என்னடா இருந்துச்சு?"

அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அக்கா அவருக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லாமல் விசாரித்தாள். பதினெட்டு வருஷத்துப் பத்திரிகைகள். வேறு எங்கும் நகல் இல்லை.

போனை வைத்தவள் என்னைத் திட்டவில்லை. கம்ப்யூட்டர் கேபினட்டின் முகப்பையே பார்த்தாள். ஒவ்வொரு பட்டன் மேலும் சந்தனம், குங்குமம். மெஷினை அணைத்து எழுப்பும் ரீசெட் பட்டனை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. இடுக்கில் இறங்கி இறுகியதில் பட்டன் பாதி அமுங்கியே நின்றிருந்தது. உள்ளே ஃபேன் வேகமெடுத்து அதிரும்போதெல்லாம் மீதியும் அமுங்கிவிடும். அந்தப் பட்டனின் ஒயரைப் பிடுங்கி வெளியே விட்டாள்.

ஒன்பது தடவையும் என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது அந்தப் பொட்டு.

"இப்ப போட்டா ஏறிடுமாக்கா?"

"ஏறும். போடாத."

அழித்ததில் பெரும்பகுதி இன்னும் டிஸ்க்கில்தான் இருக்கும், அதன் மேல் இனியும் எதையும் எழுதாதவரை மீட்கலாம், கும்பகோணத்தில் அதற்கு ஆள் இருக்கிறார் என்றாள். வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வருவதற்குள் மெஷினை அணைத்து டிஸ்க்கைக் கழற்றி வை, அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்றாள்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். முதுகு விண்ணென்று வலித்தது. ஒன்பது தடவை. அறுபத்து மூன்றைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று மறுபடியும் விண்டோஸைப் போட்டுவிட்டேன்.

தாண்டியது. அறுபத்து நாலு. எழுபது. பங்கில் கூட்டம் போல, அக்காவைக் காணோம். தொண்ணூறில் எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அவள் வந்தபோது திரையில் புது விண்டோஸ் பளிச்சென்று இருந்தது. வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள்.

"சரியாயிடுச்சுக்கா."

"யாருக்கு?"

போன் அடித்தது. கலியபெருமாள். அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் சொல்லு."

"தம்பி, ஏறிடுச்சாப்பா?" என்றார் அவர்.

"ஏறிடுச்சுண்ணே" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.