கொடைக்கறி

"ஆட்டுக்கறிக்குள்ள பிசாசு இருக்கா ஐயா? இருக்குன்னா சொல்லுங்க. இனிமே தொடல."

உபதேசியார் ஞானாபரணம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பதினெட்டு வருஷமாகக் கிராமத்துச் சிற்றாலயத்தில் ஜெபம் நடத்துகிறவர். போதகர் மனோவா அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் எரிச்சல் தலைக்கேறினால் ஞானாபரணம் பஸ் ஏறி அவரிடம்தான் வருவார்.

"இல்லை," என்றார் போதகர்.

"அப்ப நான் தின்னது தப்பா?"

"இல்லை."

"இதை எங்க சபையில வந்து சொல்லுங்க."

நடந்தது இதுதான். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டிய கிடாக்கறியைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். ஞானாபரணத்தின் மனைவி டைபாய்டில் கிடந்த மாதம் முழுக்கச் சோறு பொங்கித் தந்தவள் அவள். எப்படி வேண்டாமென்பது? வாங்கி, வாசலிலேயே ஒரு துண்டை வாயில் போட்டார்.

தெருவில் போன சீலாஸ் அதைப் பார்த்தான். போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தவன். அதற்குமுன் இருபது வருஷம் அதே மாடனுக்குச் சாமியாடியவன்.

அன்றிலிருந்து அவன் ஆராதனைக்கு வரவில்லை.

"சிலை வெறும் கல்லுன்னு எத்தனை தரம் பிரசங்கம் பண்ணியாச்சு. ஏறல. வாங்காட்டா இசக்கியம்மா மனசு முறியும். வாங்கினா இவன் மனசு முறியுது. எவன் மனசுக்கு எத்தனை நாள்தான் நான் காவல் கிடக்க? எதையும் தின்னலாம், சுயாதீனம்னு வேதத்துல போட்டிருக்கே, அது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்புறம் என்ன?"

போதகர் சட்டையை மாட்டினார். "வாங்க, போவோம்."

சீலாஸின் மனைவி கதவைத் திறந்தாள். அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உபதேசியார் மேல கோவமா?" என்று கேட்டார் போதகர்.

"அவரு மேல எனக்கென்ன கோவம். அவரு தின்னாரு, ஒண்ணும் ஆகல." சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "அவரே தின்னுட்டாரேன்னு நானும் வாங்கித் தின்னேன்."

"சரி."

"வாயில வைக்கும்போதே தெரிஞ்சுது. இது மாடனுக்குப் படைச்சதுன்னு மனசு சொல்லுது. சொல்லச் சொல்லத் தின்னேன்."

"அது வெறும் கறிடே," என்றார் ஞானாபரணம்.

போதகர் அவர் கையைத் தொட்டார்.

"அப்ப கோயில்ல கொட்டுச் சத்தம் கேட்டுது. கால் தானா எழும்பிட்டு. போய் ஆடிட்டு வந்துட்டேன் ஐயா. இனி எந்த மூஞ்சியோட ஆலயத்துக்குள்ள வர?"

ஞானாபரணம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது தெருவில் வெடித்தார். "சரி, இவனுக்காக நான் விட்டுடறேன். இசக்கியம்மா மூஞ்சியில யாரு முழிக்கிறது?"

"அவங்ககிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?"

"எதைக் கேட்க?"

போதகர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஞானாபரணம் முணுமுணுத்துக்கொண்டே இசக்கியம்மாள் வாசலில் போய் நின்றார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அடுத்த வருஷம் கொடைக்கறி வேண்டாம், தப்பா நினைக்கக் கூடாது, தனக்காக இல்லை, சீலாஸுக்காக.

இசக்கியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் பாயசமால்லா கொண்டாந்திருப்பேன். அந்தக் கொட்டுச் சத்தத்துக்கு அவன் படுற பாடு இந்த ஊருக்கே தெரியும். உமக்குத் தெரியாதா, உபதேசியாரே?"